ஆங்கிலத்தில் டி-யும் டபிள்யூ-வும் ஒட்டி வரும் சொற்களில் எல்லாம் 'இரண்டு' இருக்கிறதா?

கேள்வி இதுதான்: டூ, ட்வெல்வ், ட்வென்டி, ட்வின், ட்வைஸ், ட்விஸ்ட், ட்வீசர் என்று டி-யும் டபிள்யூ-வும் அடுத்தடுத்து வரும் ஆங்கிலச் சொற்கள் பலவற்றில் இரண்டு என்ற பொருள் தட்டுப்படுகிறதே, இது தற்செயலா, இல்லை எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவையா? கூடவே ஒரு துணைக்கேள்வி: டூ என்று சொல்லும்போது டபிள்யூ ஒலிப்பதே இல்லை, பிறகு எதற்கு அதை எழுதுகிறார்கள்?

பெரும்பாலானவை ஒரே வேர்தான். ஆனால் உங்கள் பட்டியலிலேயே ஒரு சொல் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல, அதுவும் பார்த்தால் நிச்சயம் சொந்தம்தான் என்று நினைக்கத் தோன்றும் சொல். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த ஒலிக்காத டபிள்யூ.

ஒரு காலத்தில் அது ஒலித்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இரண்டு என்ற எண்ணுக்குப் பால் வேறுபாடு உண்டு. ஆண்பாலுக்கு 'ட்வேயென்', பெண்பாலுக்கு 'ட்வா'. இன்றைய டூ அந்த ட்வா-வின் வாரிசு. ட்வா-வில் இருந்த நெடில் 'ஆ' காலப்போக்கில் 'ஓ' பக்கம் நகர்ந்து, பிறகு 'ஊ' ஆனது. டபிள்யூ-வின் ஒலியைச் சொல்லிப் பாருங்கள், உதடு குவியும். ஓ, ஊ சொல்லும்போதும் உதடு குவியும். இரண்டும் அடுத்தடுத்து வந்தால் முன்னது பின்னதற்குள் கரைந்துவிடுவது இயல்பு. ட்வின், ட்வெல்வ் ஆகியவற்றில் பின்னால் வருவது இ, எ. அங்கே உதடு விரிகிறது, அதனால் டபிள்யூ பத்திரமாகத் தப்பித்துவிட்டது. 'யார்' என்ற பொருளில் வரும் ஹூ என்ற சொல்லுக்கும் இதே கதைதான், அது பழைய ஆங்கிலத்தில் ஹ்வா. வாள் என்ற பொருளுள்ள சோர்ட் என்ற சொல்லில் டபிள்யூ எழுத்தில் மட்டும் நிற்பதும் இப்படித்தான். 'ஸோ' என்ற சின்னச் சொல் இன்னும் ஒருபடி மேலே போய்விட்டது. அதன் பழைய வடிவம் ஸ்வா, அதில் ஒலியோடு சேர்த்து எழுத்தையும் கைவிட்டுவிட்டார்கள். டூ-வில் எழுத்து மட்டும் தங்கிவிட்டது. என்னைக் கேட்டால் தங்கியது நல்லதுதான், அது இல்லாவிட்டால் டூ-வுக்கும் ட்வின்னுக்கும் உள்ள உறவு கண்ணுக்கே தெரிந்திருக்காது.

ஆண்பால் வடிவமான ட்வேயென் என்ன ஆனது? அதுதான் 'ட்வைன்'. எழுத்தாளர் மார்க் ட்வைன் பெயரில் இருக்கும் அதே சொல். அவருடைய இயற்பெயர் சாமுவேல் கிளெமென்ஸ். 1859-ல் மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகு ஓட்ட உரிமம் வாங்கியவர். அந்த ஆற்றில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்ப்பவர் 'மார்க் ட்வைன்' என்று குரல் கொடுத்தால், கயிற்றின் இரண்டாவது குறிவரை தண்ணீர் இருக்கிறது, அதாவது இரண்டு பாகம், 12 அடி ஆழம், படகு தரை தட்டாமல் போகலாம் என்று அர்த்தம். 1863-லிருந்து அதையே புனைபெயராக வைத்துக்கொண்டார். நம் கடற்கரையிலும் ஆழத்தைப் பாகக் கணக்கில்தான் சொல்வார்கள். ஆங்கில ஃபேதமும் தமிழ்ப் பாகமும் இரண்டு கைகளையும் அகல விரித்தால் வரும் நீளம்தான்.

அடுத்து எண்கள். ட்வென்டி எளிது: இரண்டு பத்துகள், நம் இருபது மாதிரியே. ட்வைஸ் இரண்டு முறை. முடிவில் வரும் அந்த ஸ் ஒலி பழைய வேற்றுமை உருபின் மிச்சம், ஒன்ஸ், த்ரைஸ் ஆகியவற்றிலும் அதேதான். ட்வெல்வ்தான் சுவாரசியம். நாம் பத்தையும் இரண்டையும் சேர்த்துப் பன்னிரண்டு என்கிறோம். ஆங்கிலமும் பதின்மூன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறது, தர்ட்டீன் என்றால் மூன்றும் பத்தும். ஆனால் ட்வெல்வில் பத்து என்ற சொல்லே கிடையாது. அதன் மூல வடிவம் 'ட்வாலிஃப்', பொருள் 'இரண்டு மிச்சம்'. பத்தை எண்ணி முடித்தபின் கையில் இரண்டு மிஞ்சுகிறது, அவ்வளவுதான். இலெவன் அதேபோல 'ஒன்று மிச்சம்'. ஆங்கிலம், ஜெர்மன், டச்சு முதலியவை சேர்ந்த ஜெர்மானிய மொழிகள் இந்த முறையைப் பன்னிரண்டோடு நிறுத்திக்கொண்டன. லித்துவேனிய மொழி நிறுத்தவில்லை, அங்கே பதினொன்றுக்கு வியெனுவோலிகா, பன்னிரண்டுக்கு த்வீலிகா என்று தொடங்கிப் பத்தொன்பது வரை அந்த 'மிச்சம்' போகிறது.

இனி நூலும் துணியும். இந்தக் குடும்பத்தின் பெரிய சொத்து இங்கேதான் இருக்கிறது.

ட்வைன் என்று இன்னொரு சொல் உண்டு, எழுத்தாளர் பெயரில் இருப்பதல்ல, கடைகளில் பொட்டலம் கட்டும் முறுக்குநூல். பழைய ஆங்கிலத்தில் 'ட்வீன்', இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கிய நூல். ஒற்றை இழை நிற்காது, இரண்டைச் சேர்த்து முறுக்கினால்தான் வலு, அதனால் முறுக்கிய நூலுக்கு இரண்டின் பெயரே வந்துவிட்டது. ட்வில் என்ற துணிவகையும் அப்படித்தான். ரோமானியர்கள் இரட்டை நூல் நெசவை லத்தீனில் 'பிலிக்ஸ்' என்றார்கள். பி என்றால் இரண்டு, மீதி நூல். அதைப் பார்த்து ஆங்கிலேயர்கள் முன்பாதியை மட்டும் தங்கள் மொழிக்கு மாற்றி 'ட்விலி' என்று ஆக்கிக்கொண்டார்கள். உங்கள் ஜீன்ஸ் துணியைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள், சாய்வாக வரிவரியாக ஓடும். ஊடை, அதாவது குறுக்கே ஓடும் நூல், நெடுக்கே ஓடும் பாவுநூல்களில் ஒன்று விட்டு ஒன்று என்று போகாமல், ஒன்றுக்கு மேற்பட்ட பாவுநூல்களைத் தாண்டி, ஒவ்வொரு வரிசையிலும் ஓரிழை தள்ளித் தள்ளிப் போவதால் வரும் சாய்வு அது, அதுதான் ட்வில் நெசவு. இதற்கு ஒரு தம்பியும் உண்டு. காக்கிச் சீருடைக்குத் தைக்கும் 'ட்ரில்' துணி இருக்கிறதே, அது லத்தீன் 'ட்ரிலிக்ஸ்', மூன்று நூல் நெசவு, ஜெர்மன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பள்ளி மைதானத்தில் செய்யும் ட்ரில்லுக்கும் துளை போடும் ட்ரில்லுக்கும் இதோடு சம்பந்தமில்லை.

தமிழும் துணிக்கு இப்படி இரண்டின் பெயரை வைத்திருக்கிறது. தமிழ் பைபிளில் துக்கம் வந்தவர்கள் 'இரட்டுடுத்தி' சாம்பலில் உட்காருவார்கள். இரட்டு என்பது இரட்டை நூலால் நெய்த முரட்டுத் துணி. ஆங்கிலத்தைப் பார்த்து எடுத்ததல்ல, லத்தீனைப் பார்த்தும் அல்ல. துணியைத் தொட்டுப் பழகியவர்களுக்கு இரண்டு இழை என்பதுதான் முதலில் கண்ணில் படும் விஷயம் என்பதால் தனித்தனியே அதே வழியில் போயிருக்கிறார்கள்.

ட்வீட் துணி, அந்தக் கம்பளிக் கோட்டுத் துணி, ட்வில்லின் ஸ்காட்லாந்து வடிவமான 'ட்வீல்' என்பதிலிருந்து வந்தது. கடைசி எழுத்து எப்படி மாறியது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள்: 1830-ஐ ஒட்டி லண்டன் வியாபாரி ஒருவர் கடிதத்தில் ட்வீல் என்று எழுதியிருந்ததை ட்வீட் என்று படித்துவிட்டார், அந்தத் துணி நெய்யும் பகுதியில் ட்வீட் என்ற ஆறு ஓடுவதால் அதன் பெயரே துணிக்கு வைத்திருக்கிறார்கள் என்றும் நினைத்துக்கொண்டார் என்று. கதையின் விவரங்கள் எப்படியானாலும், ட்வீல் என்பதுதான் மூலம், ஆற்றின் பெயர் அதன்மேல் ஏறிக்கொண்டது.

இப்போது ட்விஸ்ட். தமிழ் சினிமா விமர்சனம் எழுதுபவர்கள் இந்தச் சொல் இல்லாமல் ஒரு பத்தி நகரமாட்டார்கள், ஆனால் இதன் பழைய பொருள் திருப்பம் அல்ல, முறுக்கும் அல்ல, 'இரண்டாக இருப்பது'. பழைய ஆங்கிலத்தில் இது கூட்டுச்சொற்களின் பின்பாதியாகத்தான் கிடைக்கிறது. 'மாஸ்ட்-ட்விஸ்ட்' என்றால் பாய்மரத்தை இழுத்துக் கட்டும் கயிறு. 'கேண்டெல்-ட்விஸ்ட்' என்றால் மெழுகுவர்த்தித் திரியைக் கத்தரிக்கும் கருவி, இரண்டு அலகு உள்ளது. ஒன்றில் இரண்டு சேர்ந்து ஒன்றாகிறது, மற்றதில் ஒன்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. சேர்தலும் பிரிதலும் ஒரே சொல்லுக்குள் இருக்க முடியுமா என்று கேட்டால், இரண்டு என்ற எண்ணில் அது இயல்பாகவே இருக்கிறது. பின்னால் கதவுக் கீலின் ஒரு பாகத்துக்கும், மரக்கிளை கவையாகப் பிரியும் இடத்துக்கும்கூட ட்விஸ்ட் என்றார்கள். இங்கிலாந்துக்கு எதிர்க்கரையில் டச்சு மொழியில் பிரிதல் என்ற பொருளே நிலைத்துவிட்டது. டச்சில் ட்விஸ்ட் என்றால் சண்டை, மனஸ்தாபம். ஜெர்மனில் ட்ஸ்விஸ்ட், அதுவும் சச்சரவு. ஆங்கிலத்தில் கயிற்றுக்காரர்கள் ஜெயித்தார்கள். இரண்டு இழைகளைச் சேர்ப்பது என்பது கயிறு திரிப்பவனுக்கு முறுக்குவதுதான்; அதனால் 'இரட்டையாக்கு' என்பது 'முறுக்கு' ஆனது, முறுக்கினால் நேராக இருந்தது வளையும், வளைந்தது திசை மாறும், திசை மாறினால் கதையில் எதிர்பாராத திருப்பம். 1960-ல் அமெரிக்கப் பாடகர் சப்பி செக்கரின் பாட்டோடு உலகம் முழுக்கப் பரவிய ட்விஸ்ட் நடனத்தில் இடுப்பு முறுக்குகிறதே தவிர, இரண்டு என்ற பொருளின் சுவடே இல்லை. ஒரு சொல் தன் பிறந்த வீட்டை விட்டு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சுள்ளி என்ற பொருளுள்ள ட்விக், கிளை இரண்டாகப் பிரியும் கவையிலிருந்து வந்தது என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. ட்வைலைட் இரண்டு வெளிச்சங்களுக்கு நடுவே உள்ள நேரம். விடியலுக்கும் பொருந்தும், மாலைக்கும் பொருந்தும், நாம் அந்தி சந்தி என்று சேர்த்துச் சொல்வதுபோல.

பிட்வீன் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. நடுவில் டி-யும் டபிள்யூ-வும் இருப்பதைக் கவனியுங்கள். முன்னால் வரும் 'பி' என்பது 'அருகில்', மீதி 'இரண்டு'. இதை வைத்துத்தான் நம் பள்ளிகளில் இரண்டு பேர் என்றால் பிட்வீன், இரண்டுக்கு மேல் என்றால் அமங் என்று மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள், மாற்றி எழுதினால் மதிப்பெண் போய்விடும். இந்த விதி தவறு என்பது என் உறுதியான கருத்து, என் கருத்து மட்டுமல்ல. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியே இந்தச் சொல் தோன்றிய காலத்திலிருந்து இரண்டுக்கு மேற்பட்டவற்றுக்கும் வழங்கிவந்திருக்கிறது என்று சொல்கிறது. மூன்று நாடுகள் ஒப்பந்தம் போட்டால் ஒவ்வொரு நாட்டுக்கும் மற்ற ஒவ்வொன்றோடும் தனித்தனி உறவு, அங்கே பிட்வீன்தான் சரி. அமங் போட்டால் கூட்டத்துக்குள் எங்கோ என்ற பொருள் வந்துவிடும். சொல் பிறந்த இடத்தில் இரண்டு இருந்தது என்பதற்காக இன்றைக்கும் இரண்டோடு கட்டிப்போட வேண்டியதில்லை. ட்விஸ்ட் என்று சொல்லும்போது யாரும் இழைகளை எண்ணிக்கொண்டிருப்பதில்லையே.

இந்தக் குடும்பத்தில் செத்துப்போன உறுப்பினர்களும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது பழைய ஆங்கில 'ட்வேயோ', சந்தேகம் என்று பொருள். மனம் இரண்டு பக்கம் இழுபடுவதுதானே சந்தேகம்? ஜெர்மனில் இன்றும் சந்தேகத்துக்கு ட்ஸ்வைஃபெல். ஆங்கிலம் அந்தப் பழைய சொல்லைத் தொலைத்துவிட்டுப் பிரெஞ்சிலிருந்து டவுட்டை எடுத்துக்கொண்டது, அதன் லத்தீன் மூலம் 'டூபிடாரே', அதிலும் இரண்டுதான் இருக்கிறது! டவுட்டில் ஒலிக்காத 'பி' எழுத்து அந்த லத்தீன் மூலத்தை நினைவூட்டப் பிற்காலத்தில் படித்தவர்கள் செருகியது. ஆக இரண்டு மனத்தை விட்டுவிட்டு இன்னொரு இரண்டு மனத்தை வாங்கியிருக்கிறார்கள்.

சரி, இனி அந்த ட்வீசர்.

இரண்டு கால்கள், முள் எடுக்க, புருவம் திருத்த. இதைவிட இரட்டையான கருவி இருக்க முடியாது. ஆனால் இதற்கும் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பிரெஞ்சில் 'எட்வி' என்றால் சின்னக் கருவிகளை வைத்துக்கொள்ளும் சிறு பெட்டி. 17-ம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் அதை 'எட்வீ' என்று ஆக்கி, முதல் எழுத்தை உதிர்த்து, பன்மையாக்கி 'ட்வீஸ்' என்றார்கள். பிறகு பெட்டியின் பெயர் அதற்குள் இருந்த கருவிக்கு வந்துவிட்டது. சிசர் மாதிரி முடியட்டும் என்று ஒரு வால் சேர்ந்தது. ட்விட் என்பதும் வெளியாள். ஒருவரைக் குத்திக்காட்டு, பழித்துச் சொல் என்று பொருள், பழைய வடிவம் 'அட்வீட்டன்'. 'அட்' தனி முன்னொட்டு, 'வீட்டன்' என்றால் பழித்தல். முன்னால் இருந்த உயிர் உதிர்ந்ததும் தனித்தனியாக இருந்த டி-யும் டபிள்யூ-வும் ஒட்டிக்கொண்டன. பறவைகள் கீச்சிடும் ட்விட்டர், ட்வீட் (துணி அல்ல, கீச்சு) எல்லாம் ஒலிக்குறிப்பு, நம் கீச்கீச் போல. ட்விட்ச், ட்வீக் இரண்டும் பிடுங்கு, சுண்டியிழு என்ற வேறொரு பழைய வினையிலிருந்து வந்தவை. நட்சத்திரம் ட்விங்கிள் ஆவது கண்சிமிட்டலிலிருந்து.

அப்படியானால் எது சொந்தம், எது வெளியாள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஜெர்மனைப் பார் என்று சிலர் குறுக்குவழி சொல்வார்கள். ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வரும் பழைய ட் ஒலி ஜெர்மனில் ட்ஸ் ஆகும்: டூ-வுக்கு ட்ஸ்வை, ட்வெல்வுக்கு ட்ஸ்வோல்ஃப், ட்விக்குக்கு ட்ஸ்வைக். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ட்விட்டருக்கு ட்ஸ்விட்ஷர்ன் என்றும், ட்விங்கிளுக்கு ட்ஸ்விங்கர்ன் என்றும் ஜெர்மனில் இருக்கிறதே! இந்தச் சோதனை சொல் பழையது என்று மட்டும்தான் காட்டும், இரண்டிலிருந்து வந்தது என்று காட்டாது. பழைய வடிவத்தையும் பழைய பொருளையும் சேர்த்துப் பார்க்காமல் தீர்ப்பு சொல்லக்கூடாது.

ஒலிகள் ஒழுங்காக மாறுகின்றன என்பதைக் கண்டது 19-ம் நூற்றாண்டின் பெரிய சாதனை. டென்மார்க்கின் ராஸ்மஸ் ராஸ்க் 1818-லும், யாக்கோப் கிரிம், அதே தேவதைக் கதைகள் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர், 1822-லும் இதை எழுதினார்கள். ஆங்கிலத்தின் தூரத்து உறவுகளான லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் ஆகியவற்றில் 'த' வகை மெல்லொலி இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ட் வரும். நமக்குப் பழக்கமான வடசொற்களிலேயே இதைப் பார்க்கலாம். தந்தம் என்றால் பல், ஆங்கிலத்தில் டூத். தசம் பத்து, ஆங்கிலத்தில் டென். துவி இரண்டு, ஆங்கிலத்தில் டூ. துவைதம், அத்வைதம் என்று நாம் சொல்லும் சொற்களில் இருப்பதும், புதுச்சேரியில் 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை பின்னாளில் வகித்த துபாஷி பதவியின் பெயரில் இருப்பதும் அதே துவிதான். துவிபாஷி, இருமொழி தெரிந்தவர்.

லத்தீனுக்குள் இன்னொரு மாற்றம் நடந்தது. சொல்லின் முதலில் வந்த 'ட்வ்' என்பது 'ப்' ஆகிவிட்டது. ட்விஸ் என்பது 'பிஸ்' ஆனது, இருமுறை என்று பொருள். பிஸ்கட்டின் முதல் பாதி அதுதான், இருமுறை சுட்டது. போர் என்ற பொருளுள்ள ட்வெல்லும் 'பெல்லும்' ஆனது என்பதை ரோமானியப் பேச்சாளர் சிசரோவே தன் காலத்தில் குறித்து வைத்திருக்கிறார். சைக்கிளுக்கு முன்னால் வரும் 'பை' என்பதும் ஆங்கில டூ-வும் கூடப்பிறந்தவை, முகத்தில் ஒற்றுமை இல்லாவிட்டாலும்.

இதன் உச்சம் ஆர்மீனிய மொழி. அங்கே இரண்டுக்கு 'எர்க்கு'. அதுவும் அதே வேர்தான். நம்ப முடியாதுதான், ஆனால் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் மெய்யே காட்டியது இது: மற்ற மொழிகளில் ட்வ் இருக்க வேண்டிய இடத்தில் ஆர்மீனியத்தில் 'எர்க்' வருகிறது, இரண்டில் மட்டுமல்ல, நீளம் என்ற சொல்லிலும் அச்சம் என்ற சொல்லிலும்கூட. ஒரு சொல்லில் மட்டும் நடந்தால் தற்செயல் என்று ஒதுக்கலாம். மூன்றில் ஒரே மாதிரி நடந்தால் அது விதி.

இங்கே தமிழ் வாசகர் ஒருவருக்குக் கை பரபரக்கும், எர்க்கு நம் இரு-வைப் போலவே இருக்கிறதே என்று. அப்படி எழுதியவற்றை நான் படித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது. தமிழ் வேறு மொழிக் குடும்பம். அதன் இரண்டுக்கு உண்மையான உறவுகள் பக்கத்திலேயே இருக்கின்றன: கன்னட எரடு, தெலுங்கு ரெண்டு, மலையாள ரண்டு. இவற்றைப் பக்கத்தில் வைத்து, எந்த உயிர் எங்கே உதிர்ந்தது, ரகரம் எப்படிச் சொல்லின் முதலுக்கு வந்தது என்று பார்த்தாலே ட்வா டூ ஆன கதைக்குக் கொஞ்சமும் குறையாத ஒரு கதை கிடைக்கும். தெலுங்கில் முதல் உயிர் உதிர்ந்து ரெண்டு என்று நிற்கிறது. நாம் எழுத்தில் இரண்டு என்று வைத்துக்கொண்டு பேச்சில் ரெண்டு என்கிறோம், ஆங்கிலேயர்கள் டபிள்யூ-வை எழுத்தில் வைத்துக்கொண்டு பேச்சில் விட்டதைப் போலவே.